உங்க ஆதரவு வேணும் டாக்டர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வயிறு என்று ஒன்று உள்ள எவரும் ரெப்புவின் வாயிலிருந்து தப்பியதில்லை. சும்மா அடித்துவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "டை கட்டிக்கிட்டு, கைய மூடி மூடித் தொறப்பாரே, அவரா?" என்று கேட்பார்கள். அவரேதான்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் லாட்ஜில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் மெடிக்கல் ரெப்ரசென்டேடிவ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் மாடி ஏறிப் போய்விடுவார் என்பதால் சுருக்கமாக ரெப்பு. நான் அப்போது கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரச் சோம்பல்பட்டு, ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். அடுத்த அறை ரெப்புவுடையது. நடுவில் இருந்தது சுவர் என்று லாட்ஜ்காரர் சத்தியம் செய்வார். எனக்கு அது அட்டையாகத்தான் பட்டது. தினமும் காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே அந்தப் பக்கமிருந்து குரல் கேட்கும்.

"டாக்டர், சோறு உள்ள போனதும் இரைப்பை நரம்பு நுனியில ஒரு துளி சுரக்கும். அதுதான் அசிட்டைல்கோலின். அது போயி தசை வாசலைத் தட்டும். தட்டினதும் தசை சுருங்கும். சோறு அரைபடும். ஆனா தட்டிட்டு அங்கயே நின்னுடக் கூடாது டாக்டர். உடனே ஒரு நொதி வந்து அதைத் துண்டாக்கிடும். அப்பதான் தசை தளரும். சுருங்கணும், தளரணும். சுருங்கணும், தளரணும்."

இதைச் சொல்லும்போது வலது கையை மூடி மூடித் திறப்பார். அந்த அறையில் கண்ணாடி ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் இருந்தவர்தான் முதல் டாக்டர்.

இந்தத் தொழிலின் விவகாரம் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டரைப் பார்த்துத் தன் மருந்தின் பெருமையை எடுத்துச் சொல்வதற்கு டீட்டெயிலிங் என்று பெயர். டாக்டருக்கு நேரமே இருக்காது. ஒரு நோயாளி எழுந்து, அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். படம் போட்ட ஃபோல்டரை டாக்டர் பக்கம் திருப்பிப் பிடித்து, பேனா நுனியால் மட்டும் காட்ட வேண்டும். விரல் படத்தில் படக் கூடாது. கடைசியில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "உங்க ஆதரவு வேணும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு சாம்பிளை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மற்ற ரெப்புகள் இதை டாக்டர்களிடம் மட்டும் செய்தார்கள். எங்கள் ரெப்புவுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. ஒத்திகை பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். அப்புறம் அது ஒரு வழக்கமாகி, கடைசியில் வியாதியாகவே ஆகிவிட்டது. அவர் கம்பெனிக்காக விற்றதும் ஒரே ஒரு மருந்துதான், வயிற்றுப் பிடிப்புக்கான மாத்திரை. அது அசிட்டைல்கோலின் வந்து தட்டுகிற வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, தட்டவிடாமல் செய்யுமாம். தசை சுருட்டிப் பிடிப்பது விட்டுப் போகுமாம். பிறவி எடுத்ததே இதைச் சொல்லத்தான் என்பது போல அலைந்தார் மனிதர்.

சலூனில் கத்தி கழுத்தில் இருக்கும்போதே டீட்டெயில் செய்தவர் அவர். சவரம் செய்தவர் பயந்துபோய்க் கத்தியை எடுத்துவிட்டு, முழுதும் கேட்டு முடித்தபிறகுதான் மறு கன்னத்துக்குப் போனாராம். எங்கள் லாட்ஜ் மேனேஜரின் மகள் கல்யாணத்தில் மணமேடை ஏறி, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்று ஃபோல்டரை விரித்துவிட்டார். போட்டோக்காரர் வேறு எடுத்துத் தொலைத்துவிட்டார். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் மணமக்கள் ஓர் இரைப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராமேஸ்வரம் ரூட் போகும் நாட்களில் பாம்பன் பாலத்தில் அவரைப் பார்க்கவேண்டும். கடல்காற்றில் டை பறந்து பறந்து கன்னத்தில் அறையும். வண்டியை ஓரங்கட்டி டையைச் சட்டைக்குள் சொருகிக்கொள்வாரே தவிர, கழற்ற மாட்டார். கம்பெனி விதியாம். பாலத்தை விட்டு இறங்கியதும் ஓர் அம்மா சாலையோரத்தில் கருவாடு விற்பார். அவரிடமும் ரெப்பு தன் கையை மூடித் திறந்து காட்டி, உங்க ஆதரவு வேணும் டாக்டர் என்று முடித்திருக்கிறார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எய்யா, சொல்றதெல்லாம் சரி. காலையில இருந்து நீ எதுவும் தின்னியா?" என்று கேட்டாராம். தின்றிருக்க மாட்டார். ஊர் வயிற்றுக்கெல்லாம் வக்கீலாக இருந்தவர், தன் வயிற்றுக்கு சுக்குக் காபியைத் தவிர எதையும் உருப்படியாகக் கொடுத்ததில்லை. காரம் பட்டாலே அவருக்கு வயிறு எரியும். மிளகாய்க்கே பேர்போன ஊரில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று மெஸ்ஸில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அலுத்துக்கொள்வார்.

மெஸ் நடத்திய அக்கா, ரூம் பாய், பேப்பர் போடுகிறவர், நான், எல்லோருமே அவருக்கு டாக்டர்தான். லாட்ஜில் கொஞ்ச நாளில் நாங்களே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். "டாக்டர், வாளியக் குடுங்க, குளிக்கணும்" என்று ஒரு குரல் கேட்கும். ஒருநாள் புதிதாக வந்து தங்கிய ஓர் ஆள், நெஞ்சுவலிக்கிறது என்று சொல்லி மெஸ் அக்காவிடம் கையை நீட்டிவிட்டார்.

உண்மையான டாக்டர்கள்தான் அவரைக் கண்டால் ஓடினார்கள். முக்கியமாக ராமநாதபுரத்தில் இருந்த ஒரு டாக்டர். பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் கிளினிக். ரெப்பு உள்ளே நுழைந்ததும், "ம், சொல்லுங்க" என்று செல்போனை எடுத்துக் குனிவாராம். இவர் நரம்பு நுனிக்கு வருவதற்குள், "வச்சுட்டுப் போங்க" என்பார். பல வருஷமாக அந்த டாக்டர் இவர் முகத்தையே பார்த்ததில்லை. எதிரில் வந்தால் தெரியாது என்று ரெப்பு வருத்தப்படுவார். ஒரே ஒருமுறை அவருடைய ஜூனியர் ஒருவர், இரைப்பைக்குத் தானாக அசைகிற ஒரு தாளமும் உண்டு, நரம்பு அதைக் கூட்டிக் குறைக்கத்தான் செய்கிறது என்று திருத்தினாராம். அன்றைக்கு ரெப்பு தயிர்சாதம்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் புது வரி ஒன்று சேர்ந்திருந்தது.

இந்த மனிதரை என் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அறிமுகப்படுத்தியது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டையையும் பையையும் பார்த்ததும் அய்யா இவரை நிஜ டாக்டர் என்று நினைத்து, பனியனைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் படுத்துவிட்டார். ரெப்பு அசரவில்லை. ஃபோல்டரை விரித்தார். எல்லாம் கேட்டு முடித்த அய்யா என்னிடம் தனியாக வந்து, "ஏலே, இந்தாளு வயித்தப் பத்திப் பேசியே வயித்தக் கழுவுறானா?" என்று கேட்டார். ஆனால் அவருக்கு ரெப்புவைப் பிடித்துப்போயிற்று. அய்யா வயலில் தன் மிளகாய்ச் செடிகளோடு பேசுகிறவர். பேச்சுத் துணைக்கு இன்னொரு கிறுக்கு கிடைத்த சந்தோஷமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் தை கடைசியில் எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. அம்மாவே போன் போட்டு ரெப்புவை அழைத்திருந்தாள். காரம் போடாத கறியாகத் தனியே எடுத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கிடாவை என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரெப்பு விடுமுறை நாளிலும் டையோடு வந்து இறங்கினார். பூசாரிக்கும் ஒரு டீட்டெயில் நடந்தது. பூசாரி சாம்பிளை வாங்கிச் சாமி காலடியில் வைத்துவிட்டுத்தான் மடியில் முடிந்துகொண்டார்.

அய்யா மட்டும் தாமதமாகத்தான் வந்தார். மிளகாய் பூ எடுத்திருந்த நேரம், இலை வேறு சுருள ஆரம்பித்திருந்தது. காலையிலேயே போய் மருந்தடித்துவிட்டு, மேலுக்குத் துண்டால் துடைத்துக்கொண்டு, அதே சட்டையோடு பந்தியில் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லியையும் மருந்து என்றுதான் சொல்லுவோம். நன்றாகத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய்ச் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கறி சேரவில்லை என்றார்கள். அப்புறம் பேச்சு கிடாவின் மேல் திரும்பியது. கிடா கொண்டுவந்தவர் மாமா என்பதால் மாமாவின் மேல் திரும்பியது. சீக்குக் கிடாவைத் தள்ளிவிட்டுவிட்டான் என்று சித்தப்பா ஆரம்பிக்க, இரண்டு தரப்பும் வேட்டியை மடித்துக்கட்டின. அந்தப் பயத்திலேயே மாமா ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ஒருவர் மோர் கொடு என்றார், இன்னொருவர் உப்புத் தண்ணி கொடு என்றார். அம்மா நேராக ரெப்புவிடம் போனாள்.

"தம்பி, அந்த மாத்திரையில ரெண்டக் குடுங்க. வயித்தப் பிடிச்சு இழுக்குதுங்குறாக."

மாத்திரை கேட்காதவர்களுக்கெல்லாம் துரத்தித் துரத்திக் கொடுத்தவர் ரெப்பு. அன்றைக்குக் கை பைக்குள் போய்விட்டது. மாத்திரைப் பட்டையையும் எடுத்துவிட்டது. எடுத்தவர் அய்யாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதக் காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது. அய்யாவுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர், வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரெப்பு அய்யாவின் இமையை விலக்கிப் பார்த்தார். கெண்டைக்காலைப் பார்த்தார், தோலுக்கடியில் சதை துடித்துக்கொண்டிருந்தது. பட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"இல்லம்மா, தர மாட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ஊரு பேரு தெரியாதவுகளுக்கெல்லாம் வாரி வாரிக் குடுத்தீகளே. எங்க வீட்டு மனுசருக்குக் குடுக்க மனசு வரலையா?"

"அம்மா, இது என் மாத்திரைக்கு அடங்குற வலி இல்ல. இதக் குடுத்தா வலி கொஞ்சம் மட்டுப்படும். நீங்களும் சரியாப்போச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க. அய்யா நமக்குக் கிடைக்க மாட்டாரு" என்றார் ரெப்பு. என் பக்கம் திரும்பி, "சார், எல்லாரும் ஒரே சட்டியிலதான சாப்பிட்டோம்? வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. அய்யா காலையில என்ன பண்ணாரு?" என்று கேட்டார்.

மிளகாய்க்கு மருந்தடித்தார் என்றேன். ஓரமாக உட்கார்ந்திருந்த மாமா தலையைத் தூக்கினார். காலையில் அவரும் வயலில் இருந்திருக்கிறார். "நாசில் அடைச்சுக்கிருச்சு. அத்தான் வாய வச்சு ஊதுனாரு. எல்லாரும் அப்பிடித்தான ஊதுவோம்" என்றார்.

உண்மைதான். ஸ்பிரேயரின் முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவது, உறிஞ்சித் துப்புவது, எங்கள் பக்கம் சிறுவயதிலிருந்து பார்த்த சங்கதி. பீடியைப் பற்றவைப்பது போல சாதாரணமாகச் செய்வார்கள். நானே செய்திருக்கிறேன்.

ரெப்பு தன் வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கை இறுக மூடியிருந்தது.

"சார், கை மூடிருச்சு. தொறக்க மாட்டேங்குது. துண்டாக்குற நொதிய அந்த மருந்து கட்டிப் போட்டிருச்சு. வயிறு மட்டும் இல்ல, உடம்புல எல்லா வாசலையும் தட்டிக்கிட்டே இருக்கு. நெஞ்சுல தண்ணி கோத்தா மூச்சு நின்னுரும்."

தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அதே வசனம். தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கு அர்த்தமாயிற்று.

அதற்குமேல் ரெப்பு யாரையும் பேசவிடவில்லை. வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்றார். கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் பைகளை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, அய்யாவின் சட்டையைக் கழற்றி எறிந்தார். கோயில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, சோப்புப் போட்டு அவரைக் கழுவினார். கிடா வந்த குட்டியானையிலேயே வைக்கோல் மேல் போர்வையை விரித்து அய்யாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க எங்களுக்கு மனமில்லை. வண்டி கிளம்பும்போது ரெப்பு குதித்து இறங்கி, கோயிலை ஒட்டியிருந்த எங்கள் வயலுக்கு ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று மாமா கத்தினார். திரும்பி வரும்போது அவர் கையில் காலி மருந்துப் பாட்டில் இருந்தது, அதையும் ஒரு பைக்குள் போட்டுத்தான் பிடித்திருந்தார்.

மாமா ஓட்டிய ஓட்டத்தை இங்கே எழுதினால் அவருடைய லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். பின்னால் ரெப்புவின் மடியில் அய்யாவின் தலை. வழிந்த எச்சிலைத் தன் டையால் துடைத்துக்கொண்டே வந்தார். பாம்பன் காற்றுக்கே கழற்றாத டை. அய்யாவின் மூச்சு கொறகொறவென்று இழுத்தது. ரெப்பு குனிந்து, மூச்ச விடுங்கய்யா, விடுங்கய்யா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சையில் அன்று யார் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? அதே, நிமிர்ந்தே பார்க்காத டாக்டர்தான். எங்களோடு ரெப்புவும் உள்ளே வந்ததைப் பார்த்ததும் நர்ஸ், ரெப்பெல்லாம் இப்ப வரக்கூடாது என்று தடுத்தார். ரெப்பு நிற்கவில்லை. நேராக டாக்டர் முன்னால் போய், பாட்டிலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். லேபிள் டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. பையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் நுனியால் மருந்தின் பெயரைத் தொட்டுக் காட்டினார். விரல் படவில்லை.

"டாக்டர், காலையில இத அடிச்சிருக்காங்க. நாசில்ல வாய வச்சு ஊதியிருக்காங்க. வேர்வை, எச்சில், வாந்தி, வயித்துப் பிடிப்பு. கண் பாப்பா கடுகளவு இருக்கு. வர்ற வழியில நெஞ்சுல இழுப்பு வந்துருச்சு."

டாக்டர் அதற்குள் அய்யாவின் இமையை விலக்கிவிட்டார். அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அட்ரோபின் என்று நர்ஸிடம் குரல் கொடுத்துவிட்டார். ஆனால் கை வேலை செய்துகொண்டிருக்க, ரெப்பு சொன்னதை ஒரு சொல் விடாமல் கடைசி வரை கேட்டார். பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து ரெப்புவின் முகத்தைப் பார்த்தார்.

ரெப்புவுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. கிளம்பவும் தெரியவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தார். எச்சிலும் வாந்தியுமாக நனைந்த டை தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க அய்யாவுக்கு உங்க ஆதரவு வேணும் டாக்டர்."

அந்த வரியை ஆயிரம் தடவை நக்கலடித்திருப்போம். அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பார்த்துக்கிறேன், வெளியில இருங்க என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

அய்யா பிழைத்தார். ஆனால் லேசில் பிழைக்கவில்லை. அட்ரோபினும் ரெப்புவின் மாத்திரை மாதிரிதான், அசிட்டைல்கோலின் தட்டுகிற வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அதைவிடப் பெரிய கை. இழுப்பு அடங்கும் வரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நெஞ்சு தெளிந்தது, மூச்சு சீரானது. கூடவே அய்யாவுக்கு வாய் வறண்டு, முகம் சிவந்து, புத்தி தடுமாற ஆரம்பித்தது. இந்த மருந்தால் சிலருக்கு அப்படித்தான் ஆகும், தெளிந்துவிடும் என்று நர்ஸ் தைரியம் சொன்னார். அய்யா கண்ணை அகல விரித்துக்கொண்டு, படுக்கை விரிப்பிலிருந்து மிளகாய் பறிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். பறித்ததைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும்படி ரெப்புவுக்கு உத்தரவு வேறு. ரெப்பு சட்டையின் முன்பக்கத்தை ஏந்திக்கொண்டு, இல்லாத மிளகாயை வாங்கிக்கொண்டே நின்றார். நடுவில் தும்மக்கூடச் செய்தார்.

அடுத்த வேலை காத்திருப்பது. அய்யாவின் வயிறு மொத்தமாக ஓய்ந்துபோயிருந்தது. டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். குடல் சத்தம் இன்னும் வரவில்லை, வந்தால்தான் வாய்வழியாக ஏதாவது கொடுக்க முடியும் என்பார். மூடிக்கிடந்த கை இப்போது விரித்தபடியே கிடக்கிறது என்று ரெப்பு எங்களுக்கு விளக்கினார். அவர் தினமும் காலையிலும் மாலையிலும் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அவருடைய கம்பெனி மேனேஜர் போனில் கத்துவது எங்களுக்கே கேட்கும். திருப்பாலைக்குடிக்குப் போகவேண்டிய நாளில் இங்கே நிற்கிறீர்களே என்று கேட்டேன். இங்க ஒரு கால் பாக்கி இருக்கு சார் என்றார். டாக்டரைப் போய்ப் பார்ப்பதை அவர்கள் கால் என்பார்கள்.

ஒருநாள் காலை டாக்டர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, பின்னால் நின்ற ரெப்புவிடம் நீட்டினார்.

"வாங்க. நீங்களே கேளுங்க."

ரெப்பு தயங்கினார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் வயிற்றின் அசைவைப் பற்றியே பேசித் தீர்த்த மனிதர், அதை ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. படத்தில் பார்த்ததுதான். அப்புறம் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். டாக்டரே வட்டை எடுத்து அய்யாவின் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ரெப்புவின் முகம் மாறியது. வலது கை தானாக மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்ன கேட்குது என்று அம்மா கேட்டாள்.

"பேசுதும்மா" என்றார் ரெப்பு. "அய்யா வயிறு பேசுது."

அய்யாவுக்கு அன்று புத்தி நன்றாகவே தெளிந்திருந்தது. "அது சோறு கேக்கும்ப்பா. இத்தன நாளாக் குடுக்காமப் போட்டுட்டு, இப்ப காத வச்சுக் கேக்குறீகளாக்கும்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். அதன்பிறகு அந்த டாக்டர் கிளினிக்கில் ரெப்பு எப்போது நுழைந்தாலும் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு முழுதும் கேட்பாராம். இதை ரெப்பு எங்களிடம் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஏதோ பத்ம விருது வாங்கியவர் மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் இப்போது யாரும் நாசிலை வாயில் வைப்பதில்லை. வைக்க அய்யா விடமாட்டார். அடைப்பெடுக்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரேயரிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மருந்தடிக்கிற வயலுக்கெல்லாம் தேடிப் போய், வரப்பில் நின்றுகொண்டு, கையை மூடித் திறந்து, நரம்பு நுனியில் ஒரு துளி சுரக்குமப்பா என்று ஆரம்பித்துவிடுவார். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவர், அசிட்டைல்கோலின் என்று அட்சர சுத்தமாகச் சொல்லுவார். அம்மாவுக்குத்தான் தாங்கமுடியவில்லை. ஒருத்தரோடயே மல்லுக்கட்ட முடியாது, இப்ப வீட்டுக்குள்ளயே ஒண்ணு என்பாள். ஆனால் கறி எடுக்கிற நாளில் காரம் போடாமல் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைக்கிற பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. சாப்பிட ஆள் வராது என்று தெரிந்தும் எடுத்து வைப்பாள்.

ரெப்புவைக் கம்பெனி விழுப்புரம் பக்கம் மாற்றிவிட்டது. அவர் லாட்ஜைக் காலி செய்த மறுநாள், அலாரம் அடித்து நான் எழுந்தேன். அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவ்வளவு நல்ல தூக்கத்தை நான் அப்படி வெறுத்ததில்லை. என் அய்யாவை எனக்குத் திருப்பிக் கொடுத்தவருக்கு ஒருதடவையாவது முறையாக நன்றி சொன்னேனா என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஆரம்பித்தாலே, அட விடுங்க டாக்டர் என்று பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் இந்தப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். எப்படியும் அவர் கண்ணில் படும்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அய்யாவுக்கு அவரிடமிருந்து போன் வரும். நல்லா இருக்கீங்களா, மழை பெஞ்சதா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. அய்யாவும் ஹலோ என்று சொல்வதில்லை. கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து, பனியனைத் தூக்கி, போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"கேக்குதுய்யா. நல்லாக் கேக்குது."